முதலில் கணக்கு, பிறகு வேண்டுகோள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பங்குகளில் பொறுப்பாளர் வாழ்வைத் தொடங்கும் முறை

நம் நேரம், திறமை, பொருள் மூன்றும் கடவுள் ஒப்படைத்தவை என்று உணர்ந்து பகிர்ந்து வாழ்வதே பொறுப்பாளர் வாழ்வு. பல கத்தோலிக்கப் பங்குகளில் இந்த முயற்சி தலைகீழாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு ஞாயிறு மறையுரையில் நேரம், திறமை, பொருள் மூன்றையும் விளக்குவார்கள். அடுத்த வாரமே படிவம் வந்துவிடும். மக்கள் அதை வாங்கி, மடித்து, விவிலியத்துக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். திரும்பி வரும் படிவங்கள் சொற்பம். அதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல. "போன வருஷத் திருவிழாக் கணக்கு என்னாச்சு?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் யாரும் புதிதாக வாக்குக் கொடுப்பதில்லை. அதனால் இங்கே சொல்லும் முறையில் கணக்கு முதலில் வருகிறது. வேண்டுகோள் மூன்று மாதம் கழித்துத்தான்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தில் இரு மாவட்டங்களும் அடங்கும். பென்னாகரம், அரூர் பக்கம் மானாவாரி நிலம். ஓசூர் பக்கம் ஷிப்ட் வேலை. இரண்டுக்கும் நடுவே பெங்களூருக்குப் பிழைக்கப் போய் நல்லது கெட்டதுக்கு மட்டும் ஊர் திரும்பும் குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே மாதச் சந்தா என்று வைத்தால் பாதிப் பேர் முதல் மாதமே பாக்கிக்காரர் ஆகிவிடுவார்கள். வருமானம் எப்போது வருகிறதோ அப்போது கொடுக்கும்படி திட்டம் அமைய வேண்டும்.

கணக்கைத் திறப்பது

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 537. அது பங்குத்தந்தையின் விருப்பத்துக்கு விடப்பட்டது அல்ல. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு. குழுவே இல்லாத பங்கு என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். ஐந்து பேர் போதும்: கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், கிளைக் கிராமங்களிலிருந்து இருவர், குறைந்தது இரண்டு பெண்கள். பங்குத்தந்தையின் உறவினரோ, கோவிலுக்குப் பொருள் விற்கும் கடைக்காரரோ, கட்டட கான்ட்ராக்டரோ இதில் இருக்கக் கூடாது.

ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கை மே மாதத்துக்குள் முடித்து, ஜூன் முதல் ஞாயிறு ஒரே பக்கத்தில் கோவில் வாசலில் ஒட்டுங்கள். மொத்த வரவு, மொத்தச் செலவு என்று இரண்டே எண் போட்டால் சந்தேகம்தான் வளரும். வரவில் ஞாயிறு காணிக்கை, உண்டியல், திருவிழா, நன்கொடை, வாடகை அல்லது புளியமர ஏலம் ஆகியவை தனித்தனி வரிகளாக வரட்டும். செலவில் உபதேசியார் சம்பளம், மின்கட்டணம், பீடச் செலவு, பராமரிப்பு, ஏழைகளுக்குக் கொடுத்தது, மறைமாவட்டத்துக்குச் செலுத்தியது எல்லாம் தெரியட்டும். படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு கிளைக் கிராமத்திலும் பூசை முடிந்ததும் பத்து நிமிடம் வாசித்துக் காட்டி, கேள்விக்கு இடம் கொடுங்கள். மறைமாவட்டத்துக்கு ஆண்டறிக்கை அனுப்பிவிட்டோம் என்பது இதற்கு மாற்று ஆகாது.

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, வந்த காணிக்கையிலேயே பூ, மெழுகுவர்த்தி, டீசல் எல்லாம் வாங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வரவு எழுதுவது. யார் நேர்மையானவராக இருந்தாலும் இந்தக் கணக்கை நிரூபிக்க முடியாது. வந்த முழுத்தொகையும் முதலில் வங்கிக்குப் போக வேண்டும். செலவு ரசீதோடு வங்கியிலிருந்து வர வேண்டும். இரண்டாவது, பள்ளிக்கூடக் கணக்கையும் பங்குக் கணக்கையும் ஒரே நோட்டில் கலப்பது. மூன்றாவது, ஒரு நோக்கத்துக்கு வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுப்பது. கூரைக்கு என்று கொடுத்ததில் மைக் செட் வாங்கக் கூடாது. சட்டம் 1267 இதை நேராகவே தடுக்கிறது. "அப்புறம் திருப்பிப் போட்டுவிடலாம்" என்ற பேச்சே வேண்டாம். நோக்கத்தோடு வந்த ஒவ்வொரு தொகைக்கும் தனிப் பக்கம் போடுங்கள்.

வரி வேறு, காணிக்கை வேறு

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கும், ஐந்து ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் ஒரே தொகை. தேரும் கொடிமரமும் ஊர்ப் பொது என்பதால் அந்தச் சமத்துவத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் பொறுப்பாளர் வாழ்வு அந்தக் கணக்கில் நடப்பதில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்பச் சேர்த்து வையுங்கள் என்பதே பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன முறை (1 கொரிந்தியர் 16:2). தொகை சமமாக இருக்க வேண்டியதில்லை. வருவாயில் எத்தனை பங்கு என்பதே அளவு.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். வரி பாக்கி என்பதற்காக ஞானஸ்நானத்தையோ, கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பான ஓலையையோ, அடக்கத்தையோ நிறுத்தி வைப்பது திருச்சபைச் சட்டத்துக்கு எதிரானது. வறுமை காரணமாக யாருக்கும் அருளடையாளங்கள் மறுக்கப்படக் கூடாது (848). ஏழைகளுக்கும் முறையான அடக்கம் கிடைக்க வேண்டும் (1181). சில கிராமங்களில் கமிட்டியார் கல்லறைக் குழிக்கு முன் நின்று பாக்கி கேட்கும் வழக்கம் இருக்கிறது. அது இருக்கிற பங்கில், முதலில் அதை நிறுத்தும் தீர்மானத்தைப் பங்குப்பேரவையில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்பவர்களுக்குப் பத்தில் ஒன்று என்று எடுத்த எடுப்பில் சொன்னால் பயந்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர உழைப்பின் கூலி என்ற அளவு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்து 500 ரூபாய் வாங்குபவருக்கு அது ஏறக்குறைய 60 ரூபாய். மாதம் 30,000 ரூபாய் வாங்கி 26 நாள் வேலை செய்யும் ஓசூர் தொழிலாளிக்கு 145 ரூபாய். அந்த வாரம் வேலை இல்லையா, கூலியும் இல்லை, காணிக்கையும் இல்லை. அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டியதும் இல்லை. வாரம் ஆறு நாள் வேலை என்றால் இது வருவாயில் சுமார் 2 சதவீதம். பத்தில் ஒன்றில் மீதியை ஏழை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் நேரடியாகச் செய்வதும் இதே வாழ்வின் பகுதி என்று சொல்லுங்கள். எல்லாம் கோவில் வழியாகத்தான் போக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விவசாயிகளுக்கு இதே 2 சதவீதத்தை விளைச்சலில் வையுங்கள்: 100 கிலோ கேழ்வரகுக்கு 2 கிலோ. ஆடியை ஒட்டி விதைத்த மானாவாரிக் கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலமும் அப்போதுதான். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்களிடம் மே மாதம் கேட்கக் கூடாது. வியாபாரி பாக்கியைத் தீர்த்த பிறகு, ஆடி மாதம் கேளுங்கள். புளி மாசி, பங்குனியில் வரும். பால் ஊற்றுகிறவர்களுக்கு பால் பட்டுவாடா நாள். பட்டுக்கூடு போடுகிறவர்களுக்குக் கூடு விற்ற வாரம். தக்காளிக்காரர்களிடம் தொகையாக எந்த வாக்குறுதியும் வாங்காதீர்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் விலை விழுந்தால் பறிகூலிக்கே கட்டாது. அந்தப் பருவத்தில் அவர்கள் ஒரு கூடை காயைப் பீடத்தின் முன் வைத்தாலே நிறைவான காணிக்கை.

தானியமாக வருவதை உடனே கையாளத் தெரிய வேண்டும். ஈரமாக வந்த கேழ்வரகைச் சாக்கில் கட்டி பொருள் வைக்கும் அறையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள். பூசை முடிந்ததும் ஏலம் விடுவதானால் அடிவிலை வைக்காமல் விடாதீர்கள். இல்லையென்றால் ஒரே ஆள் எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு எடுத்துவிடுவார், கொடுத்தவருக்கு மனம் நோகும். கேழ்வரகுக்கு அரசு கொள்முதல் விலையை அடிவிலையாக வைத்தால் தகராறு இல்லை. அதைவிட நல்லது, பாதியை விற்காமல் அன்பியங்கள் (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) வழியாக அந்த மாதமே கஷ்டப்படும் வீடுகளுக்குச் சேர்ப்பது. மதம் பார்க்காமல் சேருங்கள்.

யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது பங்குத்தந்தை, பொருளாளர் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மைக்கில் பெயரும் தொகையும் வாசிக்கும் வழக்கத்தையும், டியூப்லைட்டிலும் ஃபேன் இறக்கையிலும் உபயம் என்று பெயிண்ட் அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. பெயர் வாசிக்கும் பங்கில் 20 ரூபாய் கொடுக்கக்கூடியவர் வெட்கப்பட்டு எதுவுமே கொடுக்காமல் போவார். ஆலயக் காணிக்கைப் பெட்டி அருகே ஆண்டவர் யாரைக் கவனித்தார் என்பது நமக்குத் தெரியும் (மாற்கு 12:41–44).

நேரமும் திறமையும்

இங்கேதான் பங்கு உயிர் பெறும், இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். "பாடகர் குழு, மறைக்கல்வி, இளையோர், பிற" என்று நான்கு கட்டம் போட்ட படிவம் எதற்கும் உதவாது. வேலையை நாள், நேரத்தோடு எழுதுங்கள்: "மாதத்தின் இரண்டாம் சனி மாலை 4 முதல் 6 வரை கோவில் கழுவ", "ஞாயிறு காலை நடக்க முடியாத மூவரை ஆட்டோவில் அழைத்து வர", "முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் எழுதித் தர, மாதம் இரண்டு மணி நேரம்", "பீடத் துணிகள் தைக்க", "மின்வேலை, ஆண்டுக்கு மூன்று முறை", "பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம், செவ்வாய் மாலை". ஒரு படிவத்தில் பன்னிரண்டு வேலைக்கு மேல் வேண்டாம். கடைசியில் ஒரு வெற்று வரி விடுங்கள். நர்ஸ் வேலை தெரிந்தவர், மலையாளமோ இந்தியோ பேசத் தெரிந்தவர் எல்லாம் அந்த வரியில்தான் வெளிப்படுவார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் உண்டு. ஓசூரில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களில் கத்தோலிக்கரும் உண்டு. அவர்கள் மொழியில் ஒரு வாசகம் வாசிக்க ஆள் கிடைத்தால் அன்றிலிருந்து அவர்களும் இந்தப் பங்கின் மக்கள்.

படிவத்தை அன்பியக் கூட்டத்தில் வையுங்கள், கோவில் வாசலில் வேண்டாம். இருபது, இருபத்தைந்து வீடு சேர்ந்து உட்காரும் இடத்தில் "அக்கா, நீங்க நல்லா தைப்பீங்களே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் ஒருவரை முன்னே கொண்டுவரும். ஷிப்ட் வேலைக்காரர்களிடம் எந்த ஷிப்டில் எந்த நாள் ஓய்வு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்குப் போனிலேயே முடியும் வேலை கொடுங்கள்: கணக்கைத் தட்டச்சு செய்வது, கல்வி உதவித்தொகை விண்ணப்பத் தேதிகளைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது, வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பது.

படிவம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் மூன்று வாரத்துக்குள் போன் போக வேண்டும். இந்த ஒன்றைச் செய்ய முடியாது என்றால் படிவமே கொடுக்காதீர்கள். "எழுதிக் கொடுத்தேன், யாரும் கூப்பிடவில்லை" என்ற ஒருவர் அடுத்த பத்து ஆண்டுக்கு எதற்கும் கை தூக்க மாட்டார். இதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். அவருக்கு வேறு பொறுப்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் இருவர், காலம் ஓராண்டு. ஓராண்டு முடிந்ததும் நன்றி சொல்லி விடுவித்துவிட வேண்டும். விரும்பினால் மறுபடி எழுதட்டும். பதினைந்து ஆண்டாக ஒரே ஆள் கோவில் சாவியை வைத்திருந்தால் மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்றுதான் அர்த்தம். கழுவுவதும் பெருக்குவதும் பெண்களுக்கு, கமிட்டி நாற்காலி ஆண்களுக்கு என்ற ஏற்பாடும் முதல் ஆண்டிலேயே மாற வேண்டும். சிறுவர்களோடு செய்யும் எந்தப் பணியிலும் பெரியவர்கள் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். அதற்கு விதிவிலக்கே கிடையாது.

எப்போது எதைச் செய்வது

ஜூனில் கணக்கு. ஜூலை, ஆகஸ்டில் நிதிக்குழு கிளைக் கிராமங்களுக்குப் போய்க் கேள்விகளைக் கேட்டுப் பதில் சொல்லட்டும். ஆகஸ்ட் கடைசியில் பலர் வேளாங்கண்ணிக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். செப்டம்பர் 8 வரை எதையும் வைக்காதீர்கள். செப்டம்பர் நடுவிலிருந்து மூன்று ஞாயிறு: முதல் வாரம் தாலந்து உவமை (மத்தேயு 25:14–30) பற்றி மறையுரை, இரண்டாம் வாரம் பங்கின் தேவைகள், மூன்றாம் வாரம் விளக்கமும் கேள்வியும். அக்டோபரில் அன்பியங்களில் படிவம். அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு. அன்றைய காணிக்கை முழுவதும் பங்குக்கு வெளியே, மறைபரப்புப் பணிக்குப் போக வேண்டியது, அதோடு இதைக் கலக்காதீர்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, திருவழிபாட்டு ஆண்டின் தொடக்கத்தில், ஏற்றுக்கொண்ட பணிகளைத் தொடங்கலாம். உங்கள் பங்குத் திருவிழா இந்த மாதங்களில் வந்தால் எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளுங்கள். வரி கேட்கும் மாதத்தில் இதையும் கேட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஞாயிறு காணிக்கையைக் கையாள்வது

பூசை முடிந்ததும் அதே இடத்தில், வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூவர் எண்ண வேண்டும். வாரம் ஒரு அன்பியம் என்று முறை வைத்தால் ஆள் பற்றாது என்ற பேச்சு வராது. எந்த நோட்டு எத்தனை என்று சீட்டில் இரண்டு பிரதி எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று பையோடு, ஒன்று கோப்பில். திங்கட்கிழமை வங்கி. எண்ணாத பணம் யார் வீட்டிலும் ஒரு இரவு தங்கக் கூடாது, பங்குத்தந்தை இல்லத்திலும்தான். மாதம் ஒருமுறை மட்டும் பூசை நடக்கும் கிளைக் கிராமங்களில் அங்கேயே எண்ணி, சீட்டில் ஒரு பிரதியை அந்த ஊர்ப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரு சாவியும் இரு வேறு ஆட்களிடம்.

க்யூஆர் அட்டை வைக்கிறீர்கள் என்றால் வங்கிக் கணக்கு பங்கின் பெயரில் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண் கூடவே கூடாது. உண்டியல் மேல் ஒட்டிய அட்டையின் மீது வேறு அட்டையை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பி யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

பூசைக் கருத்துக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட வேண்டுதலுக்காகப் பூசை வைக்கச் சொல்லிக் கொடுக்கும் பணம் பங்கின் பொது வரவு அல்ல. ஒவ்வொரு கருத்தும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். தனித்தனியாகப் பெற்ற காணிக்கைக்குத் தனித்தனிப் பூசை (948). ஓராண்டுக்குள் நிறைவேற்ற முடியாத அளவு ஏற்கக் கூடாது (953).

வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊர்ப் பிள்ளையாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். பங்குக் கணக்கில் வாங்கிவிடாமல் ஆயர் இல்லத்தைக் கேளுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் வருமான வரிச் சட்டப்படி தவறு.

நிலமும் நீரும்

கோவில் நிலத்தின் பட்டா, நில வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துப் பிரதி ஒன்றை ஆயர் இல்லத்தில் வையுங்கள். எல்லைக்கல் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். புளியமர ஏலத்தை இரண்டு ஞாயிறு முன்னதாக அறிவித்து, மூடிய உறையில் விலை கேளுங்கள்.

இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கூரையில் விழும் மழைநீரில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 150 சதுர மீட்டர் கோவில் கூரையில் 10 மி.மீ. மழைக்கு 1,500 லிட்டர் விழும். சிந்துவது, ஆவியாவது போக 1,200 லிட்டர் தொட்டிக்கு வரும். முதல் 150 லிட்டரைத் தூசியோடு வெளியே விட்டுவிடத் தனிக் குழாய் வேண்டும். தொட்டி மூடியதாகவும் வெளிச்சம் புகாததாகவும் இருக்கட்டும். குடிக்கும் முன் கொதிக்கவையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை நீரைச் சமையலுக்கு எடுக்காமல் செடிக்கும் கழுவுவதற்கும் விடுங்கள்.

பங்குத்தந்தை மாறும்போது

இத்தனையும் ஓர் இடமாற்றத்தில் கலைந்துபோவதுண்டு. பொருள் பட்டியல் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் 1283 சொல்கிறது: திருப்பாத்திரங்கள், ஆடைகள், மைக், ஜெனரேட்டர், நாற்காலி, நிலம், எல்லாம் எண்ணிக்கையோடும் நிலையோடும். அதோடு வங்கி இருப்பு, நோக்கத்தோடு வந்து இன்னும் செலவாகாத தொகைகள், நிறைவேறாத பூசைக் கருத்துகள், பணி ஏற்றவர்களின் பெயரும் காலமும், யாருக்கு இன்னும் போன் செய்யவில்லை என்ற பட்டியல் ஆகியவற்றை நிதிக்குழு எழுதி, போகிறவரும் வருகிறவரும் கையெழுத்திட, ஒரு பிரதி பங்கில், ஒன்று ஆயர் இல்லத்தில் இருக்க வேண்டும். புதியவர் வந்த முதல் மாதத்தில் நிதிக்குழு அவரோடு உட்கார்ந்து இதை வரி வரியாகப் பார்த்துவிட்டு, வரப்போகும் ஜூன் கணக்குக்கான தேதியை அப்போதே குறித்துக்கொள்ளட்டும்.